பந்து வினைச்சொல்லுக்குக் காத்திருப்பதில்லை

குசினி வாசலில் நின்று கணவன் சுதாகரன் ஒரு கோழியைப் பற்றி ஆங்கிலத்தில் விவரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, பாலேஸ்வரிக்கு இது கொஞ்சம் மிஞ்சிப்போகிறது என்று பட்டது.

“த ஹென் இஸ் வோக்கிங். த ஹென் இஸ் ஈற்றிங். நவ், த ஹென் ஹாஸ் ஈற்றன்.”

“அது தின்னேல்லையப்பா. கொத்திப் பாத்திட்டுத் துப்பிப்போட்டுது.”

பாலேஸ்வரி ஓ.எல். ஆங்கிலத்தில் சி எடுத்தவள். சுதாகரன் அந்தப் பரீட்சை மண்டபத்தின் பக்கமே போகாதவர்.

“பொறப்பா, உதையும் சொல்லவேணும்,” என்று அவர் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கோழி வேலிக்குள் நுழைந்து பக்கத்து வளவுக்குப் போய்விட்டது.

அவருடைய பிரச்சினை முழுவதும் அதுதான். சொல் வருவதற்குள் சங்கதி முடிந்துபோகிறது.

அரியாலையில் சுதாகரனுக்குப் பகலில் ஒரு வேலை. கண்டி வீதிக் கடையொன்றில் தண்ணீர்ப் பம்பியும் மின்விசிறியும் திருத்துவார். ஆனால் ஊரில் அவரைப் பம்பி சுதா என்று யாரும் சொல்வதில்லை. மைக் சுதா என்றால்தான் தெரியும். கழக மைதானத்தில் உதைபந்தாட்டம் நடந்தால் பூவரசு மரத்தின் கீழே ஒரு மேசை, அதில் ஒரு அம்பிளிபயர், அதன் முன்னால் சுதாகரன். தலைமயிர் முழுக்கக் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த மேசையில் வேறு ஆள் இருந்ததில்லை. விளையாட்டை மட்டும் அவர் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிளில் திறப்பை விட்டுவிட்டு வந்தவரை அழைப்பார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் சிறுவர்களை அதட்டுவார். வெயிலில் நிற்கிற நடுவருக்கு யாராவது தண்ணீர் கொடுக்கும்படி கேட்பார். மற்ற நேரமெல்லாம் பந்தின் பின்னால் ஓடுவார், குரலால்.

அவர் வர்ணனையில் ஒரு வழக்கம் உண்டு. “இதோ, நடுக்களத்திலிருந்து, இடது பக்கமாக, இரண்டு பேரைக் கடந்து, மிக வேகமாக, பந்தை...” என்று இழுத்துக்கொண்டே போவார். சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் ஒரு வினைச்சொல்லைப் போட்டு முடிப்பார். அடித்தார், விட்டார், பறிகொடுத்தார். எது நடந்ததோ அது. சனம் ஆர்ப்பரிக்கும். அந்த ஆர்ப்பரிப்பிலிருந்துதான் அவர் அடுத்த வசனத்துக்கு மூச்செடுப்பார்.

இதெல்லாம் தொடங்கியது சித்திரையில்தான். வருடப் பிறப்பு முடிந்த கையோடு கழகச் செயலாளர் நிருஷன் கடைக்கு வந்தான். சுதாகரன் ஒரு மோட்டரின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தார்.

“அண்ணை, ஆடியிலை கிருஷாந் அண்ணையின்ரை ஞாபகார்த்தப் போட்டி வைக்கிறம். அவரின்ரை மனிசி வித்தியா அக்கா மெல்பேணிலை இருந்து கதைச்சவ. யூரியூப்பிலை நேரடியாப் போகவேணுமாம்.”

“போகட்டும். நல்லது தானே.”

“வர்ணனை இங்கிலிஸிலை வேணுமாம். பிள்ளையளுக்குத் தமிழ் விளங்காதாம்.”

சுதாகரன் கையிலிருந்த ஸ்குரூட்றைவரைக் கீழே வைத்தார்.

கிருஷாந் இந்த மைதானத்தின் இடது பக்க ஆட்டக்காரன். அவன் அடித்த கோல்களில் பெரும்பாலானவற்றை ஒலிபெருக்கியில் சொன்னது சுதாகரன். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போனான், கலியாணம் கட்டினான், பிள்ளைகள் பிறந்தார்கள். போன வருடம் வேலைக்குப் போகிற வழியில் இதயம் நின்றுவிட்டது. அப்பா விளையாடிய இடத்தைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று வித்தியா நினைத்ததில் பிழையே இல்லை.

“உங்களுக்கு ஏலாதெண்டால் பறவாயில்லை அண்ணை,” என்றான் நிருஷன், பம்பியைப் பார்த்தபடி. “ரவுணிலை கஜானன் எண்டு ஒரு ஆள் இருக்கிறார். பெரிய கலியாணங்களுக்கெல்லாம் அறிவிப்புச் செய்யிறவர். அவரைக் கேக்கலாம்.”

வேறு யாருடைய போட்டியாக இருந்தாலும் சுதாகரன் தலையாட்டியிருப்பார். கிருஷாந்தின் போட்டியில், தன் மேசையில், வேறொருவர் இருப்பதை நினைத்தபோது, கீழே வைத்த ஸ்குரூட்றைவரை மறுபடி கையில் எடுத்தார்.

“ஆர் ஏலாதெண்டது?” என்றார்.

*

றொசாந்தி மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் வந்து அரியாலை ரியூட்டரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். வயது முப்பதுக்குள். சுதாகரன் முதல் நாள் போனபோது, மகனைச் சேர்க்க வந்த தகப்பன் என்று நினைத்து, எத்தனையாம் வகுப்பு என்று கேட்டாள்.

“நான்தான் ரீச்சர்,” என்றார். விசயத்தைச் சொன்னார்.

“எனக்கு விளையாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாதே அண்ணை. ஓஃப்சைட் எண்டால் என்ன?”

அவர் விளங்கப்படுத்தினார். அவளுக்கு விளங்கவில்லை. “அப்ப ரெண்டு பேரும் ஒரே நிலைமை,” என்று சிரித்தாள்.

முதல் கிழமையிலேயே அவருடைய நோயை அவள் கண்டுபிடித்துவிட்டாள். சுதாகரனுக்கு ஒரேயொரு வினை வடிவம்தான் தெரிந்திருந்தது. எல்லாமே இஸ், எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு இங். ஹீ இஸ் றன்னிங், ஹீ இஸ் கிக்கிங், ஹீ இஸ் ஃபோலிங்.

“ஏன் எல்லாத்தையும் இழுக்கிறியள்?”

“நடந்துகொண்டெல்லோ இருக்கு? வானொலியிலை அப்பிடித்தான் சொல்லுவினம். ஓடிக்கொண்டிருக்கிறார், உதைத்துக்கொண்டிருக்கிறார்.”

“ஓடுறது நீளமான வேலை, அது சரி. உதைக்கிறது எவ்வளவு நேரம்? நீங்கள் இஸ் கிக்கிங் எண்டு சொல்லி முடிக்கப் பந்து எங்கை நிக்கும்?”

சுதாகரன் கண்ணை மூடி யோசித்தார். “வலைக்குள்ளை.”

அதற்குப் பிறகு அவள் பலகையில் அட்டவணை எழுதவில்லை. எப்போது நடந்தது என்பது ஒரு கேள்வி, நடந்ததை எங்கே நின்று பார்க்கிறோம் என்பது வேறொரு கேள்வி என்றாள். ஒரு செயலை வெளியே நின்று முழுசாக, ஒரு சொடுக்கில் பார்த்தால் வெறும் கிக்ஸ், பாஸஸ், ஸ்கோர்ஸ். அதற்குள்ளே நின்று, முதலும் தெரியாமல் முடிவும் தெரியாமல் பார்த்தால் இஸ்ஸும் இங்கும். முடிந்த பிறகு, அதன் பலன் இன்னும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது ஹாஸ். கோல் விழுந்துவிட்டது, பலகையில் இலக்கம் மாறி நிற்கிறது: ஹாஸ் ஸ்கோர்ட். ஹாஸும் இஸ்ஸும் சொந்த வேலை செய்யாதவை, மற்ற வினைக்குத் துணைக்கு வந்து நிற்பவை. ஆனால் அவை எந்த வினைக்குப் பக்கத்தில் நிற்கின்றனவோ அந்த வினை உருவம் மாற்றிக்கொள்ளும். ஈற், ஈற்ஸ், ஏற், ஈற்றிங், ஈற்றன்.

“உடுப்பு மாத்திறமாதிரி,” என்றார் சுதாகரன். “விளையாடேக்கை ஒண்டு, வீட்டை ஒண்டு, கோயிலுக்கு ஒண்டு.”

“ஓம். ஆள் ஒண்டுதான்.”

“அடிக்கிறான், அடிச்சுக்கொண்டிருக்கிறான், அடிச்சிட்டான். இது எங்கடையிலையும் கிடக்குத் தானே ரீச்சர்.”

“கிடக்கு. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்ச இடம் வேறை, அவ்வளவுதான்.”

பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் அவரைக் கூப்பிட்டதெல்லாம் கதிரை தூக்கத்தான். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஆங்கிலம் படித்த ஒருவர் அவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று அவர் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஆனால் விளங்குவது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. தமிழில் அவர் வசனத்தைத் தொடங்கும்போது பந்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியவேண்டியதில்லை. வினைச்சொல் கடைசியில்தான். அதுவரை இழுக்கலாம், பார்க்கலாம், பொறுத்திருந்து போடலாம். ஆங்கிலத்தில் ஆளின் பெயருக்கு அடுத்ததே வினை. கழக ஆட்டக்காரன் லக்ஷனைச் சொல்ல வாயைத் திறந்ததும் அவன் என்ன செய்தான் என்று சொல்லியாகவேண்டும். இழுக்க இடமில்லை. இருபது வருடப் பழக்கத்தை முன்பின்னாகத் திருப்பவேண்டியிருந்தது.

அதற்கு றொசாந்தி ஒரு வழி செய்தாள். ரியூட்டரி வாசலில் வீதிக்கு முதுகு காட்டிக் கதிரையைப் போட்டு இருந்தாள். “எனக்குப் பின்னாலை என்ன நடக்குதெண்டு சொல்லுங்கோ. நான் திரும்பமாட்டன்.”

“ஏ பஸ்... கம்ஸ். இற் ஸ்ரொப்ஸ். ஏ வுமன் இஸ் வெயிற்றிங். ஷீ கெற்ஸ் இன். இற் ஹாஸ் கோன்.”

“அந்த மனிசி என்ன உடுத்திருந்தவ?”

“கவனிக்கேல்லை ரீச்சர். பஸ் போட்டுது.”

“காணும். பஸ்ஸைப் பிடிச்சிட்டியள்.”

அதற்குப் பிறகுதான் பாலேஸ்வரியின் கஷ்டகாலம் தொடங்கியது. அவள் வெங்காயம் வெட்டினால் வெட்டுகிறாள், வெட்டிக்கொண்டிருக்கிறாள், வெட்டிவிட்டாள். வாளி நிறைந்தால் நிறைந்துவிட்டது. “நான் என்ன செய்யிறன் எண்டு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ?” என்று ஒருநாள் அகப்பையோடு வந்தாள். பிறகு, போகிற போக்கில், “கட்டட் இல்லை, கட் எண்டுதான் வரும். மூண்டுக்கும் ஒண்டு. நேற்றுப் பிழையாச் சொன்னனீங்கள்,” என்றுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளும் வகுப்பில் சேர்ந்த மாதிரிதான். சோறு போடும்போது மூன்று வடிவமும் கேட்பாள். சரியாகச் சொன்ன பிறகுதான் குழம்பு வரும்.

போட்டி நாளில் மௌன அஞ்சலிக்கு முன்னால் கிருஷாந்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று அவரே ஒரு வசனம் தயாரித்துக்கொண்டு ரியூட்டரிக்குப் போனார். இந்த மைதானத்தில் கிருஷாந் பல கோல்கள் அடித்திருக்கிறான் என்று, ஹாஸ் போட்டு. றொசாந்தி கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தாள்.

“அண்ணை, ஹாஸ் எண்டால் இன்னும் அடிக்கக்கூடிய ஆளுக்கு. இல்லாமல் போனவருக்கு அது வராது. ஸ்கோர்ட் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

சுதாகரன் தலையாட்டினார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வசனத்தைத் திரும்பச் சொன்னார். செய்தி வந்த நாளில் அவர் அழவில்லை. அன்றைக்கு ரியூட்டரியில், சின்னப் பிள்ளைகளின் பலகை வாங்கில் இருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரியாதையை அவர் இன்றைக்கும் சொல்லுவார்.

*

போட்டி நாளன்று மைதானம் நிரம்பி வழிந்தது. கடல்நீரேரிப் பக்கமிருந்து சோளகக் காற்று வீசியது. றொசாந்தி மேசைக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தாள். படம் பிடிக்கிறவர்கள் அம்பிளிபயரிலிருந்து ஒரு வயரை எடுத்துத் தங்கள் பெட்டியில் கொழுவினார்கள். மைதானத்துக்கும் மெல்பேணுக்கும் ஒரே மைக்.

சுதாகரன் மேசைக்குப் போனபோது பூவரசுக்குப் பின்னால் ஒருவர் நின்றார். மினுக்கிய சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி, கழுத்துப்பட்டி மட்டும்தான் குறை.

“கஜானன்,” என்றான் நிருஷன், சுதாகரனின் முகத்தைப் பாராமல். “சும்மா... ஒரு பாதுகாப்புக்கு, அண்ணை.”

சுதாகரன் தன் இடத்தில் போய் இருந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அஞ்சலி வசனம் தடுமாறாமல் வந்தது. விசில் ஊதியது. லக்ஷன் பாஸஸ். நோ வன் இஸ் மார்க்கிங் ஹிம். ஹீ ஹாஸ் பீற்றன் வன் மான். வினைகள் வரிசையாக, சரியான உடுப்போடு வந்து நின்றன. அவருக்கே நம்ப முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஏதோ குறைவதை உணர்ந்தார். மைதானம் பேசாமல் இருந்தது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கிப்போனது. சனம் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தது, யாரோ தெரியாத ஆள் கதைப்பதைப் போல. வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “சுதா அண்ணை, எங்களையும் கொஞ்சம் பாருங்கோவன். நாங்களும் ஆக்கள் தான்.” சிரிப்பு எழும்பியது.

சத்தம் திரும்பி வராத இடத்தில் அவருக்கு மூச்செடுக்கத் தெரியவில்லை. கிணற்றுக்குள் கதைப்பது போல இருந்தது. குரல் தளர்ந்தது. தளர்ந்ததும் பழைய நோய் திரும்பியது. இஸ் கோயிங், இஸ் கோயிங், இஸ் கோயிங். பந்து எப்போதோ வெளியே போய்விட்டிருந்தது. அவர் வாயில் அது இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

படம் பிடிக்கிற பெடியன் கைபேசியைப் பார்த்துவிட்டு நிருஷனிடம் ஏதோ சொன்னான். மெல்பேணிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள்: பந்து யாரிடம் இருக்கிறது?

இடைவேளை விசில் ஊதியது. கோல் எதுவும் விழவில்லை.

நிருஷன் மேசைக்கு வந்து நின்றான். “அண்ணை, களைச்சுப் போனியள். ரெண்டாம் பாதியைக் கஜானன் பாக்கட்டும்.”

சுதாகரன் மைக்கைக் கையில் வைத்திருந்தார். கொடுப்பதா என்று யோசிக்கவில்லை, எப்படிக் கொடுப்பது என்றுதான் யோசித்தார். அதற்குள் கஜானன் வந்து அவர் முழங்கையைப் பிடித்தான்.

“அண்ணை, ஒரு நிமிசம். தனிய.”

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனார்கள். கஜானன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே இருந்தவை ஒரு சின்னப் பெடியனின் கண்கள்.

“அண்ணை, எனக்கு இங்கிலிஸ் தெரியாது.”

“என்ன?”

“குட் ஈவினிங் லேடீஸ் அன்ட் ஜென்ரில்மன் மட்டும்தான் தெரியும். அதைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். மாப்பிளை பொம்பிளை வரேக்கை சொல்லுவன்.”

“அப்ப ஏன் ஓமெண்டனீர்?”

“செயலாளர் கேக்கேக்கை பக்கத்திலை நாலு பேர் நிண்டவை. தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறது அண்ணை?”

சுதாகரனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இங்கிலிஸ் தெரியாது என்று வாயால் சொல்லிவிட்டு நடமாடக்கூடிய ஊரா இது? பஸ்ஸில் ஆங்கிலப் பேப்பரை விரித்துக்கொண்டு படம் பார்த்து வருகிறவர்களை அவருக்குத் தெரியும். அவரும் அன்றைக்குக் கடையில், ஆர் ஏலாதெண்டது என்று கேட்டவர்தானே. வித்தியாசம் ஒன்றுதான்: அவருக்கு ஒரு றொசாந்தி கிடைத்தாள்.

“நீங்கள் நல்லாச் செய்யவேணுமெண்டு காலமையிலை இருந்து நேர்ந்துகொண்டு நிண்டனான்,” என்றான் கஜானன். “உண்மையாத்தான்.”

“தமிழிலை விளையாட்டுச் சொல்லியிருக்கிறீரோ?”

“சைக்கிளோட்டம் சொல்லியிருக்கிறன். குரல் நல்லாப் போகும்.”

மைதானத்தில் ஆட்டக்காரர்கள் திரும்பவும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுதாகரன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். மைக்கின் கம்பிவலை ஒரு பக்கம் சப்பையானது, பிடியில் அவர் கைபட்டு நிறம் போனது. அதை அவர் யாருக்கும் கொடுத்தது கிடையாது. பாலேஸ்வரி துடைப்பதற்குக் கூட.

“இஞ்சை பிடியும்,” என்றார். “இழுத்துச் சொல்லும். பந்து நிக்கிற வரைக்கும் வசனத்தை முடிக்காதையும். சனம் கத்தினால் கத்த விடும், மேலாலை கதைக்காதையும்.”

மேசைக்கு வந்து நிருஷனிடம், “ஒராளாலை ஏலாது தம்பி. கிறவுண்டுக்குத் தமிழ் வேணும், அங்காலை இங்கிலிஸ் வேணும். கஜானன் கிறவுண்டைப் பாக்கட்டும், நான் மற்றதைப் பாக்கிறன்,” என்றார். கஜானனைப் பற்றி வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நிருஷன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். படம் பிடிக்கிற பெடியன் ஒரு சின்ன கொலர் மைக்கை எடுத்து நீட்டினான்.

றொசாந்தி தன் கதிரையைத் தூக்கிவந்து சுதாகரனுக்கு எதிரே, மைதானத்துக்கு முதுகு காட்டிப் போட்டு இருந்தாள்.

கஜானன் தொடங்கினான். நல்ல கனத்த குரல். முதல் வசனத்தை அவசரமாக முடித்தான், இரண்டாவதை இழுத்தான், மூன்றாவதில் வேலியோரம் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் சுதாகரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து காதில் விழுந்ததும், இவ்வளவு நேரமும் அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று திறந்தது. ஒலிபெருக்கியில் தமிழ், வினைச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, சின்ன மைக்கில், சுதாகரனின் ஆங்கிலம் பந்தோடு ஓடியது. த விண்ட் இஸ் புளோயிங். லக்ஷன் ரேர்ன்ஸ். ஹீ இஸ் றன்னிங் டவுண் த லெஃப்ற். ஹீ கட்ஸ் இன். ஹீ ஷூற்ஸ்.

ஹீ ஸ்கோர்ஸ் என்று அவர் சொன்னபோது வலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் கழித்துக் கஜானனின் வினைச்சொல் வந்து விழுந்தது. மைதானம் எழும்பிக் குதித்தது.

றொசாந்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு, வாக்கு மீறிவிட்டவளைப் போல, அவசரமாக முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டம் ஒரேயொரு கோலோடு முடிந்தது. கிண்ணம் கொடுத்த பிறகு படம் பிடிக்கிற பெடியன் கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினான். வித்தியா குரல் பதிவொன்று அனுப்பியிருந்தாள். பின்னணியில் பிள்ளைகளின் சத்தம். “சுதா அண்ணை, மூத்தவள் ஒண்டு கேக்கிறாள். உங்களுக்குப் பின்னாலை ஒராள் கத்துறாரெல்லோ, அவர் என்ன சொல்லுறார் எண்டு. எனக்குச் சொல்லித்தா எண்டு நிக்கிறாள்.” அதற்கு மேல் வித்தியாவால் கதைக்க முடியவில்லை. நன்றி என்று மட்டும் கேட்டது.

சுதாகரன் அதை இரண்டாம் தடவை போட்டுக் கேட்டார். கஜானனுக்கும் கேட்கக் கொடுத்தார்.

“வாற வருசமும் ரெண்டு பேரும் வாங்கோ,” என்றான் நிருஷன்.

“அதுக்கிடையிலை எனக்கொரு இடம் சொல்லுங்கோ அண்ணை,” என்று கஜானன் மெல்லக் கேட்டான். “நீங்கள் எங்கை படிச்சனீங்கள்?”

சுதாகரன் றொசாந்தியைக் காட்டினார். “ரீச்சர், இவருக்கும் ஒரு வாங்கு கிடைக்குமோ?”

“கிடைக்கும். ஆனால் சின்னப் பிள்ளையளின்ரை வாங்கு. முழங்கால் இடிக்கும்.”

“இடிச்சால் இடிக்கட்டும்,” என்றான் கஜானன்.

நன்றி சொல்லும் நேரம் வந்தது. அது எப்போதும் சுதாகரனின் வேலை. கஜானன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினான். சுதாகரன் நடுவர்களுக்கு நன்றி சொன்னார், கழகத்துக்குச் சொன்னார், மெல்பேணிலிருக்கும் குடும்பத்துக்குச் சொன்னார். ரவுணிலிருந்து வந்து கைகொடுத்த அறிவிப்பாளர் திரு. கஜானன் அவர்களுக்கு, பெயரை நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டுச் சொன்னார். மானிப்பாய் ஆசிரியைக்குச் சொன்னார். பாலேஸ்வரிக்கும் சொல்லவேண்டும் என்று இருந்தது. மைக்கில் மனைவிக்கு நன்றி சொல்கிற வழக்கம் அந்த மைதானத்தில் இல்லை. சொன்னார். வேலியோரத்தில் பெண்கள் நின்ற பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. பாலேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.